அம்மாவின் வீட்டை இடிப்பதா, திருத்துவதா? (வெள்ளவத்தை, 14 பேர்ச் காணி; ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி)

செல்லமகள், வெள்ளவத்தை | சனி இரவு 9:10

வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறன், பொறுத்து வாசியுங்கோ.

காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில எங்கட வீடு. 1938இல கட்டினது எண்டு காணி உறுதியில இருக்கு. அப்பப்பா பிறகு வாங்கினவர். முன்னுக்கு விறாந்தை, நடுவில பெரிய ஹோல், ரெண்டு பக்கமும் அறையள், பின்னுக்குக் குசினியும் கிணறும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைச்சுக் கட்டின, நல்லாத் தடிச்ச மொத்தச் சுவர். 83 ஆடிக் கலவரத்தில கூரையை எரிச்சுப்போட்டாங்கள். ஓடு, கைமரம் எல்லாம் போச்சு, சுவர் மட்டும் நிண்டது. ரெண்டு வருசத்தால அப்பா திரும்பி வந்து, கையில இருந்த காசுக்கு அஸ்பெஸ்டஸ் ஷீற் போட்டார். முந்திப் பதின்மூண்டடி உயரமா இருந்த வீட்டில, ஷீற்றுக்குக் கீழ பத்தடியில ஒரு சீலிங். சுவரின்ர மேற்பக்கத்தில இருந்த காத்துத் துவாரங்களைக் கள்ளருக்கும் நுளம்புக்கும் பயந்து அடைச்சுவிட்டார்.

இப்ப அம்மாவுக்கு 78 வயசு. மாசியில இருந்து சித்திரை முடியுமட்டும் பின்னேரம் மூண்டு மணிக்கு வீட்டுக்குள்ள இருக்கேலாது. மூண்டு ஏசி இருக்கு. 2022 ஆவணியில மின்கட்டணம் சராசரி 75 வீதம், 2023 மாசியில 66 வீதம் எண்டு கூட்டினாங்கள்தானே, அதோட ரெண்டு ஏசியை நிப்பாட்டிப்போட்டு எல்லாரும் அம்மான்ர அறையிலதான் படுக்கிறம்.

ரொறன்ரோவில இருக்கிற அண்ணா, கட்டட நிறுவனம் ஒண்டுக்குக் குடுத்துத் தொடர்மாடி கட்டுவம், எங்களுக்கு ரெண்டு வீடு வரும் எண்டுறார். என்ர கணவர் இடிச்சுப்போட்டு சோலார் எல்லாம் வைச்சு ரெண்டு மாடியில புது வீடு கட்டுவம் எண்டுறார். லண்டனில இருக்கிற அக்கா ஒரு கல்லிலயும் கை வைக்கக்கூடாது எண்டு அழுகிறா. எனக்கு உண்மையா விளங்கேல்ல. காசை மட்டும் கேக்கேல்ல, சூழலுக்கு எது நல்லது எண்டும் சேத்துச் சொல்லுங்கோ. என்ர மகள் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள்.

சுத்தியல், தெஹிவளை | சனி இரவு 10:02

நான் கட்டடப் பொறியியலாளர், 19 வருட அனுபவம். இடித்துக் கட்டுங்கள் என்பதே என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

பழைய வீடு என்றால் மொத்தச் சுவர், ஆகவே குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்வார்கள். அது பகலில் கொதித்து இரவில் குளிரும் வறண்ட ஊர்களுக்குப் பொருந்தும். கொழும்பில் பகல் 31, இரவு 24 அல்லது 25. நடுவில் ஆறேழு பாகைதான் வித்தியாசம். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதற்கு வெளியே போதிய குளிர் இல்லை. ஈரப்பதனும் 75 வீதத்துக்கு மேலே. இங்கே உடம்புக்குச் சுகம் தருவது காற்றோட்டம் மட்டும்தான்.

அந்தக் காற்று இன்று உங்கள் வீட்டுக்கு வருகிறதா? 1938இல் உங்கள் ஒழுங்கையில் இருந்தவை எல்லாம் ஓட்டு வீடுகள். தென்மேற்கிலிருந்து வந்த கடற்காற்று விறாந்தையில் நுழைந்து குசினி வழியாகப் போயிருக்கும். இன்று மேற்கே மாடிக் கட்டடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வீட்டை வரைந்தவர் நம்பிய காற்றே இல்லாமற் போன பிறகு, வீட்டை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? புதிதாகக் கட்டினால் இன்றைக்குக் காற்று எங்கே வருகிறதோ அங்கே வாசல் வைக்கலாம். மேல் தளத்துக்கு வெப்பத்தடுப்பு, மேற்குச் சுவருக்கு நிழல், மழைநீர்த் தொட்டி எல்லாவற்றையும் முதலிலேயே வரைபடத்தில் போடலாம். 2007ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் மழைநீர் சேகரிப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. பழைய வீட்டில் இதையெல்லாம் ஒட்டுப்போட்டுத்தான் செய்ய வேண்டும்.

செல்லமகள் | சனி இரவு 10:15

ஓம், மேற்கில ஒன்பது மாடி. 2014இல வந்தது. அதுக்குப் பிறகுதான் வீடு இவ்வளவு புழுங்குது எண்டு அம்மாவும் சொல்லுறவா.

முற்றவெளி, நுகேகொடை | ஞாயிறு காலை 6:48

கட்டடக் கலைஞர் என்ற முறையில் சுத்தியலின் முதற் பந்தியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மொத்தச் சுவர்தான் குளிர்ச்சி என்பது நம்மவர்கள் விடாமல் சொல்லும் பாதி உண்மை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த முடிவு பிழை.

செல்லமகள், உங்கள் பதிவை இன்னொரு முறை நீங்களே வாசியுங்கள். ஓடு எரிந்தது, அதற்குப் பதில் ஷீற். பதின்மூன்று அடி உயரம் பத்தடி ஆனது. சுவரின் துவாரங்கள் அடைபட்டன. இப்போது புழுங்குவது 1985ஆம் ஆண்டுக் கூரையின் கீழ். 1938ஆம் ஆண்டு வீட்டில் நீங்கள் ஒரு நாளும் இருந்ததில்லை. அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்த வருடங்களில் திரும்பி வந்து ஒரு கூரை போட்டதே பெரிய காரியம்.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. சூரியன் வருடம் முழுவதும் தலைக்கு மேலேதான் நடக்கிறது. சித்திரை (ஏப்ரல்) முற்பகுதியிலும் புரட்டாதி (செப்டெம்பர்) முற்பகுதியிலும் நேர் உச்சி. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும். பலர் வடக்கு யன்னலுக்கு நிழலே தேவையில்லை என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆக, ஒரு மாடி வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும் பங்கு கூரை வழியாக. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். அந்த ஒன்பது மாடி காற்றை மறைத்தது உண்மை. அதே கட்டடம் உங்கள் மேற்குச் சுவருக்குப் பின்னேர வெயிலையும் மறைக்கிறது. மிச்சம் இருக்கும் பகை கூரைதான்.

மெல்லிய சீமெந்து ஷீற் வெயிலில் கொதித்து, கீழே இருக்கும் ஆள் மேல் அனலாக வீசும். அதற்கும் சீலிங்குக்கும் நடுவே அடைபட்ட காற்று போக வழியில்லை. ஓடு, அதன் கீழ் அலுமினியத் தாள், நடுவே நான்கு அங்குலக் காற்று இடைவெளி, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி, அடைத்த துவாரங்களைத் திறந்து வலை அடித்தல், இவ்வளவும் செய்தால் அந்த அறைகள் வேறு அறைகளாகிவிடும். சுவரைத் தொட வேண்டியதில்லை.

இடிப்பதன் கணக்கையும் போடுவோம். சதுர அடிக்கு ஏறத்தாழ 0.4 மூடை சீமெந்து என்றுதானே வேலைத்தளத்தில் சொல்வீர்கள், சுத்தியல்? இரண்டு மாடிப் புது வீடு 2,800 சதுர அடி என்று வைத்தால் 1,120 மூடை, அதாவது 56 தொன். ஒரு தொன் சீமெந்துக்கு 0.8 முதல் 0.9 தொன் வரை கரியமில வாயு. சீமெந்தில் மட்டும் ஏறத்தாழ 48 தொன். கம்பி, ஓடுபதித்த தரை, அலுமினிய யன்னல், இடிபாடு ஏற்றிப் போகும் லொறி எதையும் இன்னும் எண்ணவில்லை. அந்தச் சுவரின் செங்கல்லைச் சுட வேண்டிய விறகை 1938இலேயே எரித்து முடித்துவிட்டார்கள். அதை உடைத்துச் சதுப்பு நிலத்தில் கொட்டிவிட்டு, கூரையில் சோலார் வைத்ததும் பச்சை வீடு ஆகிவிடாது.

சுத்தியல் | ஞாயிறு காலை 8:30

கணக்கு ஒருபக்கமாக இருக்கிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சீமெந்து சந்தையில் கிடைக்கிறது. பாவித்தால் அந்த எண் இறங்கும். மேலும் நீங்கள் சொல்லும் புதுக் கூரைக்கு மரம் வேண்டும். முதிரை, பாலை விலை தெரியுமா? 1985இல் ஷீற்றுக்காகப் போட்ட மெல்லிய கைமரம் ஓட்டின் பாரத்தைத் தாங்காது. முழுக் கூரையையும் புதிதாகப் போட வேண்டும். அதுவும் சூழலுக்கு இலவசம் அல்ல.

கடலிலிருந்து சில நூறு மீற்றர். உப்புக் காற்று. பழைய வீட்டில் இடையில் எங்காவது கொங்கிறீட் சேர்த்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். யன்னல் நிலைகளைக் கறையான் தின்றிருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினால் மூன்று வருடத்தில் புது வீட்டுக் காசு போய்விடும். இதை நான் பல குடும்பங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஏசி. அம்மாவுக்கு 78 வயது. ஏசி போடத்தான் போகிறார்கள். மூச்சுவிடும் வீடும் ஏசி வீடும் ஒன்றுக்கொன்று எதிர். பதின்மூன்று அடி உயரம், திறந்த துவாரம், இடைவெளி விட்ட பலகைக் கதவு, அதற்குள் ஏசி என்றால் ஒழுங்கையைத்தான் குளிர வைப்பீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி | ஞாயிறு காலை 9:05

நான் படிச்ச ஆள் இல்ல, ஆனா பழைய வீட்டுல இருபத்திரெண்டு வருசமா கூட்டிப் பெருக்குறவ. அதனால எழுதுறேன்.

ஓட்டுக் கூரைன்னா மரநாய் வரும். ராத்திரி மேல ஓடி ஓட்டைத் தள்ளி விட்டுடும். அடுத்த மழைக்குக் கட்டில் நனையும். அப்ப ஏணி வச்சு ஏற ஒரு ஆளைத் தேடணும், அந்த ஆள் இப்ப கிடைக்கிறதில்ல. கூரைப் பீலியில எல சேர்ந்தா தண்ணி நிக்கும், டெங்கு. பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பார்த்துட்டுக் கேஸ் போடுவேன்னு சொல்வாரு. நடுமுற்றம், தாமரைத் தொட்டி எல்லாம் படத்துல அழகா இருக்கு. கொழும்புல அதைச் சுத்தமா வச்சிருக்கிறது ஒரு பொம்பளையோட முழு நாள் வேலை. வரைபடம் போடுறவங்க அந்த வேலையை யாரு செய்வாங்கன்னு ஒரு தடவையாவது எழுதிக் காட்டணும்.

ஆனா ஒண்ணு. எங்க வீட்டு ஹோல் பதினாலு அடி உயரம். 2022 பங்குனியில 13 மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்துச்சே, அன்னைக்கு எங்க நாத்தனார் குடும்பம் அவங்க ஃப்ளாட்டை விட்டுட்டு எங்க வீட்டுக்குத்தான் வந்து படுத்தாங்க. ஏழு பேர், வெறும் தரையில. அது மறக்காது.

ஆறாம்மாடி, பம்பலப்பிட்டி | ஞாயிறு பகல் 11:40

எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை.

14 பேர்ச்சில் இப்போது எத்தனை பேர்? அம்மா, செல்லமகள் குடும்பம், ஐந்தாறு பேர். அதே காணியில் எட்டு மாடி வந்தால் பதினாறு குடும்பங்கள். அந்தப் பதினாறும் நகரத்துக்குள் இடம் இல்லாவிட்டால் எங்கே போகும்? கடுவலைக்கும் ஹோமாகமவுக்கும். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் புகை விட்டு வரும். நகரம் அகன்றால் முதலில் நிரப்பப்படுவது சதுப்பு நிலம். 2018இல் கொழும்புக்கு ராம்சார் (சர்வதேச ஈரநில உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே அந்தச் சதுப்புகள் மிச்சம் இருந்ததால்தான். ஒரு அழகான பழைய வீட்டைக் காப்பாற்றினேன் என்று மகிழும்போது, தலங்கமவில் ஒரு வயல் மண் போட்டு மூடப்படுவது அந்தக் கணக்கில் வருவதில்லை.

வடக்கிலிருந்து தொண்ணூறுகளில் ஓடி வந்தவர்கள் நாங்கள். வெள்ளவத்தையில் அறை அறையாக வாடகைக்கு இருந்தோம். இந்தத் தொடர்மாடிகள் எழுந்ததால்தான் எங்களுக்கு ஒரு கதவு இலக்கம் கிடைத்தது. அவற்றை அசிங்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும்.

மாடி என்றால் சூழலுக்குப் பகை என்பதும் சரியல்ல. ராஜகிரியவில் 46 மாடி எழுப்பி ஒவ்வொரு தளத்திலும் மரஞ்செடி வைத்திருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அரச ஈட்டு வங்கிக்கு வரைந்த கட்டடம், மழையை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும் திறப்புகளோடு உயர்ந்தது. கட்டுபவர் மனம் வைத்தால் எட்டு மாடியும் மூச்சு விடும்.

முற்றவெளி | ஞாயிறு பிற்பகல் 1:15

ஆறாம்மாடி, இந்த இழையில் வந்ததிலேயே கனமான வாதம் உங்களுடையது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் நீங்களே சொன்ன நிபந்தனையைப் பாருங்கள்: கட்டுபவர் மனம் வைத்தால். வெள்ளவத்தையில் மனம் வைத்த தொடர்மாடி எத்தனை? இரு பக்கமும் பத்தடியில் அடுத்த கட்டடம், நடுவே குழாய்களும் ஏசி வெளிப்பெட்டிகளும் நிறைந்த ஒரு இருட்டுப் பொந்து, அதற்குள் திறக்கும் படுக்கையறை யன்னல். பக்கத்து ஏசி துப்பும் சூடு உங்கள் அறைக்குள் வருகிறது. நீங்களும் மூடிக்கொண்டு ஏசி போடுகிறீர்கள். முற்றம் முழுவதும் தரைக்கல் பதித்து வாகனத் தரிப்பிடம். பெய்யும் மழை ஒரு துளி மண்ணுக்குள் போகாமல் ஒழுங்கைக்கும் வெள்ளவத்தை வாய்க்காலுக்கும் ஓடுகிறது.

பதினாறு குடும்பம் வரட்டும். அவர்கள் அப்படியான பொந்துக்குள் வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதா?

ஆறாம்மாடி | ஞாயிறு பிற்பகல் 1:32

என் அடுக்களை யன்னல் திறப்பது அப்படி ஒரு பொந்துக்குள்தான். பத்து வருடமாகத் திறந்ததில்லை. நீங்கள் சொல்வது தெரியும். ஆனால் வெளியே இருந்தவனுக்கு அதுவும் ஒரு வீடு.

புதுக்கடை நானா | ஞாயிறு மாலை 4:20

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

14 பேர்ச் உள்ளவங்கதான் இதுவரைக்கும் பேசுறீங்க. எங்கட வீடு இரண்டே கால் பேர்ச். வரிசை வீடு. இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரரோட பொது. யன்னல் வைக்க முன்பக்கம் மட்டும்தான். வாப்பா காலத்துல இருந்து நடு அறையில பகல்லயும் லைட் எரியும்.

நாலு வருசத்துக்கு முன்னால ஒரு வேலை செஞ்சோம். நடு அறைக்கும் குசினிக்கும் நடுவுல ஆறடிக்கு நாலடி அளவுல கூரையைத் திறந்தோம். மேல ஒரு சின்னக் கூரையை ஒன்றரை அடி உயர்த்தி வச்சு, நாலு பக்கமும் பலகைச் சட்டமும் வலையும் அடிச்சோம். மழை உள்ள வராது, சூடு மேல போயிடும். கீழ ரெண்டு பூச்சாடி. பகல்ல லைட்டே தேவையில்ல. உம்மா இப்ப அந்த இடத்துல இருந்துதான் ஓதுறாங்க. செலவு ஒரு நல்ல ஏசியோட விலையும் பூட்டுக் கூலியும் சேர்ந்த அளவுதான்.

இதைச் சொன்ன தம்பி ஒரு கட்டடக் கலை மாணவர். பாவாட சொந்த வீடு, பகத்தலே வீதி 33ஆம் ஒழுங்கையில இருக்கே, அதுவும் வரிசையா நின்ற நாலு சின்ன வீட்டை 1958ல இருந்து ஒவ்வொண்ணா வாங்கிச் சேர்த்ததுதான்னு சொன்னார். உள்ளுக்குள்ள சின்னச் சின்ன வெளிகளைத் திறந்து வெளிச்சம் எடுத்திருக்காராம். முதல் வீட்டை மட்டும்தான் இடிச்சு மாடி கட்டினாராம், மத்ததை இடிக்கல்ல.

சுத்தியல் | ஞாயிறு மாலை 5:05

நானா, உங்கள் வேலை அருமை. உண்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் பாவாவை இங்கே கொண்டுவருபவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அல்பிரட் பிளேசில் அவர் 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடுதான் கொழும்பின் முற்ற வீடுகளுக்கெல்லாம் தாய் என்று உங்கள் துறையிலேயே சொல்வார்கள். என்ன நடந்தது? காணி கைமாறியது. வீட்டைக் கல்லுக்குக் கல் எண்ணிட்டுக் கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் தோட்டமான லுணுகங்கவுக்குக் கொண்டுபோய் 2016இல் திரும்ப எழுப்பினார்கள். அந்த வீட்டுக்கே கொழும்பில் இடம் இல்லாமல் போனது. அம்மா காலத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகளும் பங்கு கேட்கும்போது இந்த வீட்டுக்கு என்ன நடக்கும்? கூரைக்கு இன்று போடும் காசு பத்து வருடத்தில் இடிபாட்டோடு போகும். வீடு நிலைக்கும் என்று உறுதியில்லாத இடத்தில் திருத்தம் செய்வதுதான் வீண்விரயம்.

முற்றவெளி | ஞாயிறு இரவு 7:50

பங்குப் பிரச்சினைக்குக் கட்டடக் கலையில் மருந்து இல்லை. அதைக் குடும்பம்தான் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் நாளை இடிபடலாம் என்று இன்று அம்மாவை அனலுக்குள் வைத்திருப்பதா? ஓடும் மரமும் கழற்றி மறுபடி பாவிக்கக்கூடிய பொருட்கள். கொழும்பில் இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து வரும் கள்ளிக்கோட்டை ஓடு, முதிரைக் கைமரம், தேக்கு நிலை எல்லாம் பழைய சாமான் முற்றங்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாங்கினால் புது மரம் வெட்ட வேண்டியதில்லை. இன்னொரு வீட்டின் சாவில் இந்த வீடு பிழைக்கட்டும். கொங்கிறீட்டை அப்படிக் கழற்ற முடியுமா?

ஏசி பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, சுத்தியல். அதனால்தான் வீட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். அம்மாவின் அறை ஒன்று மட்டும் மூடிய பெட்டி: பத்தடிச் சீலிங் அப்படியே இருக்கட்டும், அதன் மேல் வெப்பத்தடுப்பு, கதவு யன்னலில் இறப்பர் ஓரம், ஒரு இன்வேர்ட்டர் ஏசி. மற்ற எல்லாம் திறந்த வீடு, மின்விசிறி. காற்று வராவிட்டால் விசிறியால் காற்றைச் செய்துகொள்ளலாம். பழைய சீலிங் விசிறி 75 வாட். இப்போது வரும் தூரிகையில்லா மோட்டார் (BLDC) விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. ஒரு சாதாரண படுக்கையறை ஏசி ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தில் அப்படி முப்பது விசிறி ஓடும்.

மேசன்_மகன், வத்தளை | ஞாயிறு இரவு 9:30

அப்பா நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவர். அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

முதலாவது, அந்த ஷீற்றில் யாரையும் ஏறவிட வேண்டாம். நாற்பது வருடத்து ஷீற் முட்டை ஓடு மாதிரி. ஆள் உள்ளே விழுந்து செத்த கதை அவருக்குத் தெரியும். கழற்றும்போது உடைக்கக் கூடாது, துளைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, முகமூடி போட்டு, முழுதாக இறக்க வேண்டும். தூள் நெஞ்சுக்குள் போனால் வராது. நீலக் கல்நார் (அஸ்பெஸ்டஸின் ஒரு வகை) 1987இலேயே தடை என்றாலும் வெள்ளையும் நல்லதல்ல. குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடச் சொன்னார்.

இரண்டாவது, ஷீற்றின் மேல் அரைவட்ட ஓடு அடுக்கும் முறை ஒன்று உண்டு. ஒழுக்கை ஷீற் தாங்கும், வெயிலை ஓடு தாங்கும். புது ஷீற்றில்தான் அது சரி, இந்தப் பழசின் மேல் பாரம் ஏற்றக் கூடாது.

மூன்றாவதுதான் அவர் எழும்பி உட்கார்ந்து சொன்னது. சுவரின் உள்பக்கம் பெயர்ந்து உப்புப் பூத்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். இருந்தால், பிற்காலத்தில் யாரோ சீமெந்து பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சீமெந்து அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று கல்லைத் தின்னும், அறையும் பிசுபிசுக்கும். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசி, சுண்ணாம்பே அடித்தால் சுவர் மூச்சு வாங்கும். பூசத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அவசரப்படாமல் தேடுங்கள் என்றார்.

செல்லமகள் | ஞாயிறு இரவு 9:58

ஐயாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. உப்புப் பூத்துத்தான் இருக்கு, எல்லா அறையிலயும் இடுப்பளவுக்கு. நாங்கள் அஞ்சு தரம் சீமெந்து பூசிப் பெயின்ற் அடிச்சிருக்கிறம். ஒவ்வொரு தரமும் வீடு பழசு எண்டு வீட்டைத்தான் பேசினம்.

சுத்தியல் | ஞாயிறு இரவு 10:20

மேசன் ஐயா சொன்ன மூன்றாவது உண்மை. நானும் அந்தப் பிழையைச் செய்ய வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சீமெந்துதான் கற்றுத் தந்தார்கள்.

சோலார் விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டில் ஒரு கிலோவாட் மாதம் 100 முதல் 120 அலகு வரை தரும். ஆனால் ஒன்பது மாடி நிழலில் பின்னேரம் ஒன்றும் வராது. வெயில் படும் இடத்தை அளக்காமல் விற்பவர் பேச்சைக் கேட்டு எட்டுக் கிலோவாட் வாங்கிவிடாதீர்கள்.

முற்றவெளி | ஞாயிறு இரவு 10:41

ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூரைக்கு முதல் வருமானம் மழை. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. 1,500 சதுர அடிக் கூரை என்றால், சிந்தியது ஆவியானது போக இரண்டரை இலட்சம் லீற்றருக்கு மேல் பிடிக்கலாம். கொட்டாஞ்சேனை அக்கா சொன்ன டெங்குப் பயம் நியாயமானது. பீலியைச் சரிவாக வைத்து, குழாய் வாயிலும் தொட்டி வாயிலும் நுளம்பு வலை கட்டி, மிஞ்சுவதைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். கிணறு இருக்கிற வீடு வெள்ளவத்தையில் இன்னும் எத்தனை இருக்கிறது?

கொட்டாஞ்சேனைக்காரி | திங்கள் காலை 6:15

பீலியை யாரு கழுவுறதுன்னு இப்பவும் எழுதல்ல.

முற்றவெளி | திங்கள் காலை 7:02

சரியான கேள்வி, தவிர்த்தது என் பிழை. வீட்டின் மூன்று பக்கம் பீலியே வேண்டாம். கூரை விளிம்பை மூன்றடி நீட்டி, தண்ணீரை நிலத்தில் கூழாங்கல் வாய்க்காலில் விழவிடலாம். நாலாம் பக்கம் மட்டும் தொட்டிக்காகப் பீலி; நான் சொன்ன இரண்டரை இலட்சம் லீற்றரில் ஒரு பங்குதான் அப்போது தொட்டிக்கு வரும். அதை ஏணி இல்லாமல் எட்டக்கூடிய விறாந்தைப் பக்கம் வையுங்கள். கழுவுவது வீட்டு ஆண்கள் என்று வரைபடத்திலேயே எழுதித் தருகிறேன்.

செல்லமகள் | மூன்று வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு மாலை 6:30

ஒரு அறையில மட்டும் செய்து பாத்தம். அம்மான்ர அறை இல்லை, பின்னுக்குப் பிள்ளையளின்ர அறை. ஷீற்றைத் தொடேல்ல. பழைய சீலிங்கைக் கழட்டி, கைமரத்துக்குக் கீழ அலுமினியத் தாள் அடிச்சு, அடைச்ச நாலு துவாரத்தையும் உடைச்சுத் திறந்தம். உள்ளுக்கு எங்கட வீட்டுப் பழைய வார்ப்புச் சட்டம் அப்பிடியே இருந்தது, பூ வேலைப்பாட்டோட. அப்பா உடைக்காமல் மேல பூசி மட்டும் விட்டிருக்கிறார். அம்மா அதைப் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டா.

மகள் ரெண்டு வெப்பமானி வாங்கி வைச்சு எழுதிக்கொண்டு வாறாள். நேற்றுப் பின்னேரம் மூண்டு மணிக்குத் திருத்தாத அறையில 34.8, திருத்தின அறையில 32.3. அண்ணாவுக்கு வீடியோவில காட்டினம். அவர் ஒண்டும் சொல்லேல்ல, துவாரத்தை மட்டும் கிட்டக் காட்டச் சொன்னார்.

சுத்தியல் | ஞாயிறு மாலை 7:10

இரவு பத்து மணிக்கு எவ்வளவு?

செல்லமகள் | ஞாயிறு மாலை 7:14

30.1 க்கு 29.4.

சுத்தியல் | ஞாயிறு மாலை 7:25

இரவில் வித்தியாசம் குறைந்துவிட்டது, பார்த்தீர்களா. சுவர் வாங்கியதைத் திருப்பித் தருகிறது. அந்த அறையின் கிழக்குச் சுவரில் காலை வெயில் படுகிறதென்றால் வெளியே பந்தல் போட்டு ஒரு கொடி ஏற்றுங்கள். தாளின் மேல் பக்கம் காற்று வெளியேற உச்சியிலும் வழி வேண்டும், இல்லாவிட்டால் சூடு அங்கேயே நிற்கும்.

இடித்துக் கட்டுவதுதான் சரி என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் கைமரத்தைப் பார்க்காமல் ஓடு ஏற்ற விடமாட்டேன். அடுத்த ஞாயிறு காலை வருகிறேன். அளவு எடுத்துப் பாரம் கணக்குப் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். மேசன் ஐயாவையும் கூட்டி வர முடியுமா?

மேசன்_மகன் | ஞாயிறு மாலை 7:40

வருவார். ஏற்கனவே கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டார்.

ஆறாம்மாடி | ஞாயிறு இரவு 8:05

என் கேள்வி அப்படியே இருக்கிறது: மீதிப் பதினைந்து குடும்பம் எங்கே? ஒன்று மட்டும் யோசியுங்கள். பின்வளவில், கிணற்றைத் தாண்டி, இரண்டு மாடியில் சின்னதாக ஒரு தனி வீடு கட்ட இடம் இருக்கிறதா? வாடகைக்கு விட்டால் அண்ணாவின் பங்குக்கும் ஒரு வழி.

செல்லமகள் | ஞாயிறு இரவு 8:20

அஞ்சு பேர்ச் அளவில இருக்கு. அதை நான் நினைக்கவே இல்லை. அண்ணாவுக்கு இப்பவே அனுப்புறன்.

கொட்டாஞ்சேனைக்காரி | ஞாயிறு இரவு 8:31

துவாரத்துக்கு என்ன வலை அடிச்சீங்க? எங்க வீட்டுலயும் நாலு அடைச்சுத்தான் இருக்கு.

செல்லமகள் | ஞாயிறு இரவு 8:36

ஃபைபர் வலை, அக்கா. இரும்பு வலை வாங்கிப்போடாதேங்கோ, கடல் காத்துக்கு ஒரு மாரி தாங்காது. மரச் சட்டத்தில அடிச்சு, கழட்டிக் கழுவக்கூடின மாதிரி கொளுக்கியில மாட்டியிருக்கிறம்.